இரண்டு நோய்கள், ஒரு பிள்ளை: யாழ்ப்பாணத்துப் போதை விவாதத்தில் விடுபட்டுப்போன பக்கம்

யாழ்ப்பாணத்தில் இன்று போதையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நாம் பேசுகிறோம். ஜும்ஆ குத்பாவில் பேசுகிறார்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். வடமராட்சிக் கரையிலோ மாதகல் பக்கமோ கேரளக் கஞ்சா பிடிபட்டால் அது செய்தி. ஐஸ் வைத்திருந்த இளைஞர் கைது என்றால் அதுவும் செய்தி. பிடிபட்டவர் சில மாதங்கள் கழித்து வீட்டுக்குத் திரும்பி வருகிறாரே, அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எங்கேயும் செய்தியாவதில்லை.

ஆசிரியராக இருப்பதால் அந்த வீடுகளின் கதைகள் சில என் காதுக்கு வருகின்றன. படித்து முடித்துப் போன பிள்ளைகளின் உம்மாமார் கடையிலோ பஸ் தரிப்பிலோ கண்டால் நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "சேர், பாவிக்கிறத விட்டுட்டான். ஆனா ஆள் சரியில்ல."

இந்த "ஆள் சரியில்ல" என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தூக்கம் இல்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஜன்னலை அடைத்து வைக்கிறான். அல்லது நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான், குளிப்பதில்லை, தொழுகைக்கு எழும்புவதில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை. போதை போய்விட்டது, ஆனால் போதைக்கு அடியில் வேறொன்று இருந்திருக்கிறது. அதை எவரும் பார்க்கவில்லை. சில மாதங்களில் அவன் மீண்டும் பாவிக்கத் தொடங்குகிறான். ஊர் "இவனெல்லாம் திருந்தமாட்டான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது.

போதைக்கு அடிமையாவது ஒரு நோய். மனச்சோர்வு, பதகளிப்பு, உளமாய நோய், மனவடு நோய் போன்றவை வேறு நோய்கள். இவை இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்து வருவது அபூர்வம் அல்ல, உலகெங்கும் உளநல வைத்தியர்கள் அன்றாடம் காண்பது. எது முதலில் வந்தது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

சிலரில் உளநோய் முந்தி வருகிறது. 1985இல் அமெரிக்க உளநல வைத்தியர் எட்வர்ட் கான்ட்சியன், போதைக்கு அடிமையானவர்கள் பலர் தமது உள்ளத்து வேதனைக்குத் தாமே மருந்து தேடிக்கொண்டவர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். வேதனையின் வகைக்கு ஏற்பப் பொருளும் அமைகிறது என்றார் அவர். பயத்தில் உறங்க முடியாதவனுக்குச் சாராயம் உறக்கம் தருகிறது. உள்ளே கொதித்துக்கொண்டிருப்பவனை ஹெரோயின் அடக்குகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது, விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

வேறு சிலரில் போதை முந்தி வருகிறது. 1987இல் சுவீடனில் வெளியான ஆய்வொன்று, இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்கள் பின்னர் உளப்பிளவு நோய்க்கு உள்ளாகும் வாய்ப்பு, பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. "கஞ்சா மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் எங்கள் பொடியன்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கஞ்சா பாவித்த எல்லோருக்கும் நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்தல் ஒரு தடவைதான் வேலை செய்யும். ஐஸ் இன்னும் கடுமையானது. தொடர்ந்து பாவிப்பவருக்கு இல்லாத குரல் கேட்பது, எல்லோரையும் சந்தேகிப்பது எல்லாம் வரலாம். பெரும்பாலானோருக்கு நிறுத்திய பின் நாட்களில் அல்லது வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை.

அந்தச் சிலரை யார் இனங்காண்பது? அடங்குகிறதா இல்லையா என்று வாரக்கணக்கில் ஒருவர் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். சிறைக்கூடத்தில் அப்படிப் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இனி எமது மண்ணுக்கு வருவோம். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் யாழ்ப்பாணத்தில் பொதுமக்களிடையே செய்த ஆய்வொன்று 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியானது. சிறிய மாதிரிதான். அதில் 27 வீதத்தினருக்கு மனவடு நோயும், 25 வீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வும், 15 வீதத்தினருக்கு மது அல்லது போதைப் பிரச்சினையும் காணப்பட்டன. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும் வயது. 2009இல் போர் முடிந்த சில மாதங்களில் யாழ் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் மனவடு நோய் 7 வீதமாகக் குறைந்திருந்தது. பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகும் ஐந்தில் ஒருவர் சோர்ந்து கிடந்திருக்கிறார் என்றால், அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எப்படி வளர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்று 17 வயதில் ஐஸோடு பிடிபடுகிறவன் குண்டுச் சத்தம் கேட்டதே இல்லை. ஆனால் குண்டுச் சத்தம் கேட்ட வாப்பாவின் கையில் அடி வாங்கியிருக்கலாம்.

எமது சமூகத்தின் கதை இதில் இன்னொரு மடிப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ் நகரத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இருபது ஆண்டுகள் கழித்தும் புத்தளத்தில் இடம்பெயர்ந்தே வாழ்ந்த 450 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 18.8 வீதத்தினருக்குப் பொதுவான உளநோய்களில் ஏதோ ஒன்று இருந்ததாகச் சொன்னது. அதில் பெரும்பகுதி உடல்நோவாக வெளிப்படுவது: தலையிடி, நெஞ்சு நோ, கைகால் விறைப்பு. உள்ளத்து நோவைச் சொல்ல வார்த்தை இல்லாதபோது உடம்பு அதைச் சொல்கிறது. விதவைகளிடமும் தொழிலற்றவர்களிடமும் இது கூடுதலாக இருந்தது. இந்த மக்களில் ஒரு பகுதியினர்தான் சோனகத் தெருவுக்கும் பொம்மைவெளிக்கும் திரும்பி வந்தார்கள். குடும்பத்தில் பாதி இங்கே, பாதி புத்தளத்தில். வீடு இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை. பொடியனுக்கு நிரந்தரத் தொழில் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை கெட்டுப்போகிறான் என்று தெரிந்தால் உடனே புத்தளத்தில் உம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1970களில் செய்த ஆய்வு பிரபலமானது. அங்கே ஐந்தில் ஒருவர் அளவில் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். நாடு திரும்பிய பின் மிகச் சிறிய பகுதியினரே மீண்டும் அடிமையானார்கள். இடம், சூழல், சிநேகிதம் மாறியபோது பழக்கமும் விட்டுப்போனது. ஆகவே இடம் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அடியில் உளமாய நோய் உள்ள பிள்ளைக்கு இடமாற்றம் மட்டும் போதாது. இங்கே தொடங்கிய மருந்து அங்கே நின்றுவிடுகிறது. கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் கிடக்கிறது. அங்கே புதிய வைத்தியரிடம் போய் முதலிலிருந்து சொல்ல உம்மம்மாவுக்குத் தெம்பும் இல்லை, விபரமும் இல்லை.

அரசாங்கத்தின் வழி என்ன? கடந்த சில ஆண்டுகளை மட்டும் பார்ப்போம். 2022 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கப்பட்டது. 2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் வரைவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு திருத்திக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. 2023 டிசம்பர் 17இல் "யுக்திய" நடவடிக்கை தொடங்கி, சில வாரங்களுக்குள் 20,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். அரசாங்கம் நிறுத்தவில்லை.

விற்பவனைப் பிடிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பாவிப்பவனையும் அதே லொறியில் ஏற்றுவதுதான் பிரச்சினை. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்தார். மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்து ஓடினார்கள். இறப்புத் தொடர்பில் இராணுவ, விமானப்படை உறுப்பினர்கள் சிலர் கைதானார்கள். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒரு தப்பியோட்டம். காலை எழுப்புதல், அணிவகுப்பு, உடல் வேலை என்பவை சிலருக்கு ஒழுங்கைத் தரலாம். குரல் கேட்கும் ஒருவனுக்கு, அதிகாரி போடும் சத்தமும் அந்தக் குரல்களோடு சேர்ந்துகொள்ளும். அவனுக்குத் தேவை மருந்து.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை பற்றியது. நீதவான் கட்டாய சிகிச்சைக்கு உத்தரவிடலாம், அதற்கு அரச வைத்திய அதிகாரியின் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையில் "இவர் பாவிக்கிறாரா" என்ற கேள்வியோடு "இவருக்கு உளநோய் இருக்கிறதா" என்ற கேள்வியையும் சேர்த்தால் எவ்வளவோ மாறும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். உளநல வைத்தியரிடம் ஒரு தடவை காட்டி விட்டு அனுப்புவது, அவ்வளவுதான். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நீண்டகால வதிவிட நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று தெற்கிலும் மேற்கிலும் மத்தியிலும் இருக்கின்றன. ஆற்றுப்படுத்தல் என்பது பேச்சால் நடக்கும் வைத்தியம். உம்மாவோடு தமிழில் சண்டை பிடிப்பவன் தன் உள்ளத்தை வேற்று மொழியில் எப்படித் திறப்பான்?

குடாநாட்டிலேயே வைத்தியம் இல்லாமல் இல்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநல விடுதி இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறையிலும் உளநல கிளினிக்குகள் நடக்கின்றன. சாந்திகம் போர்க்காலத்திலிருந்தே ஆற்றுப்படுத்தல் செய்து வருகிறது. சனம் போவதில்லை, போனாலும் தொடர்வதில்லை என்பது ஒரு பக்கம். மறுபக்கம், இரண்டு நோயும் உள்ளவனை இரண்டு வாசலும் மற்ற வாசலுக்குக் கைகாட்டுவது. "முதலில் குடியை நிறுத்திவிட்டு வா" என்று ஓரிடத்தில், "முதலில் மனநோய்க்கு மருந்தெடு" என்று இன்னோரிடத்தில். இது எமது நாட்டின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் இப்படியே இருந்தது. 1990களில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ரொபர்ட் டிரேக் முதலானோர் ஒரே குழு, ஒரே இடம், இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை என்ற முறையை வளர்த்தெடுத்தார்கள். மீட்சி மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் வருகிறது என்பதும் அங்கே தெரிந்தது. இடையில் விழுந்து எழும்புவதை அவர்கள் தோல்வியாக எடுப்பதில்லை. எந்த மருந்து விடுபட்டது, யாரைச் சந்தித்தான், என்ன துக்கம் வந்தது என்று அதிலிருந்து தேடிப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் குடும்பங்களுக்கு இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்தவரை அறைக்குள் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைப்பது உயிராபத்தானது. இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி உடல் நடுங்கும் நிலை வரலாம், மரணமும் நேரலாம். வைத்தியசாலையில் வைத்து மருந்தோடு நிறுத்தினால் இதைத் தவிர்க்கலாம். மற்றது ஹெரோயின். சில மாதங்கள் பாவிக்காமல் இருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. புனர்வாழ்விலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரங்களில் பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே விடுதலையாகி வரும் நாள்தான் மிக ஆபத்தான காலத்தின் தொடக்கம். அன்று விருந்து வைத்துவிட்டு மறுநாள் அவனைத் தனியே விட்டுவிடுகிறோம்.

எமது சமூகத்தில் மருந்துக்கு முன் வருவது ஓதிப் பார்ப்பது. ஓதுவதை நான் இகழவில்லை. துஆவில் ஆறுதல் இருக்கிறது, அதை மறுப்பவன் நோயாளியின் பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் "ஜின் பிடித்திருக்கிறது, மாத்திரையை நிறுத்து" என்று சொல்பவர் ஓதவில்லை, ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடுகிறார். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டு ஏர்வாடியில் நடந்ததை எமது தலைமுறை மறக்க முடியாது. இலங்கையிலிருந்தும் ஸியாரத்துக்குப் போகும் ஊர் அது. தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த உளநோயாளர்கள் 28 பேர் ஓட முடியாமல் எரிந்து போனார்கள். அதன் பின்னர் இந்திய உச்ச நீதிமன்றமே தலையிட்டது. இன்னொரு முன்மாதிரியும் இந்தியாவில்தான் இருக்கிறது. குஜராத்தின் ஊனாவா மீரா தாதார் தர்காவில் 2008 முதல் "மருந்தும் துஆவும்" என்ற பெயரில், ஓதுபவர்களே நோயாளியை வைத்தியரிடம் அனுப்பும் ஏற்பாடு நடந்து வருகிறது. ஏர்வாடியிலும் பின்னர் அதே முறை வந்தது. ஓதுபவரை விரட்டாமல் அவரையே முதல் வழிகாட்டியாக்கினார்கள். எமது உலமாக்களுக்கு இது புதிதாக இருக்கத் தேவையில்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்பல்கி உடலின் நோய்களையும் உள்ளத்தின் நோய்களையும் ஒரே நூலில் வைத்து, இரண்டுக்கும் வைத்தியம் சொன்னவர்.

அடுத்தது ஒதுக்கிவைத்தல். போதைக்காரர் உள்ள குடும்பத்துக்கு நிக்காஹ் பதிவு இல்லை, சந்தா இல்லை என்றெல்லாம் தீர்மானம் போட வேண்டும் என்று சிலர் உரத்துப் பேசுகிறார்கள். விற்பவனுக்கும் பாவிப்பவனுக்கும் வேறுபாடு காணாத பேச்சு அது. மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்த சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த மனிதர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிக்கிறார் என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். தண்டனை இருந்தது, ஆனால் ஜமாஅத்தை விட்டுத் தள்ளவில்லை. புத்தி பேதலித்தவர் மீது பொறுப்பு எழுதப்படுவதில்லை என்பதும் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்தான்.

எல்லாவற்றிலும் மோசமான வைத்தியம் ஒன்று உண்டு. "கல்யாணம் கட்டிவைத்தால் சரியாகிவிடும்." அதை மறைத்து நிக்காஹ் செய்து கொடுத்த வீடுகளில், ஒரு வருடத்தில் கைக்குழந்தையோடு அந்தப் பெண்பிள்ளை காதி நீதிமன்ற வாசலில் நிற்கிறாள். நோயாளி ஒருவன் இருந்த இடத்தில் இப்போது மூவர். அவளுக்கு வரும் மனச்சோர்வை எந்தப் புள்ளிவிபரத்திலும் எவரும் சேர்ப்பதில்லை. இதன் தம்பி ஒன்றும் இருக்கிறது: "கட்டாருக்கு அனுப்பினால் திருந்துவான்." அங்கே மருந்தும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை, பிடிபட்டால் சட்டம் இங்குள்ளதைவிடக் கடுமை.

பாடசாலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் நேர்மையாக இருக்கமாட்டேன். உளமாய நோய் பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. மாவா, கஞ்சா, ஐஸ் தொடங்கும் வயதும் அதுதான். சாதாரண தரத்தில் நன்றாகச் செய்த பிள்ளை உயர்தரத்தில் திடீரென்று பின்வாங்குகிறான், நண்பர்களை விட்டு விலகுகிறான், காரணமின்றிச் சிரிக்கிறான், கொப்பியில் விளங்காத வரிகளை எழுதுகிறான் என்றால் அது ஒழுக்கப் பிரச்சினை என்று முடிவெடுக்க எமக்கு என்ன தகுதி? பையில் மாவா பக்கற்றைக் கண்டதும் விலகல் பத்திரம் கொடுத்து அனுப்பினால், அந்தப் பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கடைசி வளர்ந்த மனிதரும் இல்லாமல் போகிறார். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்று ஒருவர் பல பாடசாலைகளில் இருக்கிறார். அவருக்கும் மற்றவர்களைப் போல நேரசூசியில் பாடங்களைக் குவித்து வைத்தால் அவர் எப்போது ஆலோசனை சொல்வார்? பெற்றோரை அழைத்து, பிள்ளையை உளநல கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்று சொல்ல ஒரு மணி நேரம் போதும். வெட்கப்படுகிறவர்களுக்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையாவது கொடுக்கலாம்.

இது வெறும் ஆசை அல்ல. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்று உலகின் உச்சத்தில் இருந்தது. கொடிய பீடைகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில் அது பெருமளவு இறங்கியது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. பொலிஸுக்குப் பயந்து நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் மறைத்த காலம் அதோடு போனது. போதைப் பாவனையாளரின் குடும்பம் இன்றும் அதே பயத்தில் இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸுக்குச் சொல்வார்களோ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை றமழானோடு சம்பந்தப்பட்டது. நோன்பு பிடிப்பதற்காக உளநோய் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு, பெருநாளுக்கு முன்னரே மீண்டும் விழுந்துவிடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பல மருந்துகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக் கொடுக்க முடியும். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் மருந்து நஞ்சாகும் அபாயம் இருப்பதால் அவர்கள் நோன்பு பிடிக்கலாமா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். சிலருக்கு மாதம் ஒரு தடவை ஊசி போதும். றமழான் பிறை பார்த்த பிறகு கேட்டால் தாமதமாகிவிடும். ஷஃபான் மாத கிளினிக்குக்கு போகும்போதே கேளுங்கள் என்று, அதற்கு முந்திய ஜும்ஆவில் கதீப் இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.